அப்பாவின் பதினொன்று

நவம்பர் 18, திங்கள்

டாக்டர், இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். தினமும் இரவு எட்டு மணிக்கு எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னீர்கள். இப்போது பன்னிரண்டாகப் போகிறது. என் மகள் நறுமுகைக்குப் பதினான்கு மாதம். அவள் கண்ணை மூடினால்தான் என் கை எனக்குத் திரும்பக் கிடைக்கிறது.

உங்கள் நர்ஸ் கொடுத்த நோட்டில் ஆக்சிஜன், சளியின் நிறம், மூச்சு, காய்ச்சல், சாப்பிட்ட மருந்து என்று ஐந்து கட்டங்கள்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தபால்தலை அளவு. நான் பரீட்சையில் கூடுதல் தாள் கேட்டு வாங்குகிற ரகம். அதனால் கட்டத்துக்குக் கீழே இருக்கும் வெற்று இடத்தையும் எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்குப் பதில் வேறு டாக்டர் படித்தாலும் விளங்கவேண்டும் என்பதால் முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன்.

நோயாளி என் அப்பா சண்முகவேல், வயது அறுபத்தாறு. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முப்பத்தோரு வருடம் மெடிக்கல் ஷாப் நடத்தியவர். அதே முப்பத்தோரு வருடம் கடைக்குப் பின்னால் போய் சிகரெட் பிடித்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டையும் ஒரே மாதத்தில் விட்டார். கடையைப் போத்திராஜ் அண்ணன் வாங்கிக்கொண்டார். சிகரெட் நுரையீரல் அடைப்பு நோயை விட்டுவிட்டுப் போனது. மழைக்காலத்தில் அது சீறும். இந்த முறை சீறியதில் வெள்ளிக்கிழமை உங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மா என் அக்கா பிரசவத்துக்காகச் சென்னையில் இருப்பதால் நான் ஓசூரிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

அன்றைக்கு நீங்கள் அப்பாவின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை ஒரு பெட்டிக்குள் வைத்தீர்கள். டிபன் கேரியரைவிடச் சின்னப் பெட்டி. ஐந்து நிமிடத்தில் சிஆர்பி பதினொன்று என்று சொன்னது. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் எண் அது என்றீர்கள். இருபதுக்குக் கீழே இருந்தால் இந்த மாதிரிச் சீற்றத்துக்கு ஆன்டிபயாடிக் பெரும்பாலும் பயன்படாது, நாற்பதுக்கு மேலே போனால் கட்டாயம் யோசிக்கவேண்டும், நடுவில் நின்றால் சளியின் நிறம் தீர்மானிக்கும் என்றீர்கள். அப்பாவுக்கு நெபுலைசரும் ஸ்டீராய்டும் மட்டும் கொடுத்தீர்கள்.

அப்பா சண்டை போடுவார் என்று நினைத்து நான் வெளியே ஆட்டோவை நிறுத்திவைத்திருந்தேன். நடந்ததே வேறு. அவர் அந்தப் பெட்டியைக் கோயில் உற்சவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இருமுனவன் எல்லாத்துக்கும் அஞ்சு மாத்திர கிழிச்சுக் குடுத்தேன் மதி. யாருக்கு வேணும், யாருக்கு வேண்டாம்னு சொல்லுத பெட்டி ஒண்ணு வரும்னு யாரு கண்டா" என்றார்.

இன்றைக்கு வீடு வந்து சேர்ந்தோம். வருகிற வழியில் ஆட்டோக்காரருக்குப் பதினொன்று தெரிந்துவிட்டது. பால்காரருக்கும் எதிர்வீட்டு மாடி போர்ஷனுக்கும் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் வாங்கிய தொண்ணூற்றெட்டைக்கூட அவர் இப்படி ஊருக்குச் சொல்லவில்லை.

ஆக்சிஜன் 92. சளி வெள்ளை. பேசும்போது மூச்சு கொஞ்சம் இழுக்கிறது. காய்ச்சல் இல்லை. மருந்து, நீங்கள் எழுதியது. ஸ்டீராய்டு நாளையோடு முடிகிறது.

நவம்பர் 19, செவ்வாய்

பிள்ளை இன்று சீக்கிரம் தூங்கினாள், பதினொன்றரைக்கே. மன்னிப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன் டாக்டர். நான் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி. கண்ணாடித் தட்டில் கிருமி வளர்த்து, நடுவில் ஆன்டிபயாடிக் வில்லையை வைத்து, சுற்றிலும் கிருமி செத்த வட்டத்தை ஸ்கேலால் அளந்தவள். தேவையில்லாமல் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும் என்று பத்து மதிப்பெண் கேள்விக்கு இரண்டரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். எல்லாம் தெரியும். ஆனால் பக்கத்து அறையில் ஒருவர் மூச்சு விசில் அடிப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது அந்த இரண்டரைப் பக்கத்தில் ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வருவதில்லை. போன வருடம் இதே மாதிரி வந்தபோது வேறு டாக்டர் ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார், சரியானது. மாத்திரையால்தான் சரியானதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியாது. ஆனால் சரியானது.

சாயங்காலம் போத்திராஜ் அண்ணன் கடைக்குப் போனேன். டயப்பர் வாங்கப் போனேன். டயப்பர் மட்டும்தான் வாங்கினேன்.

அப்பாவுக்கு இரவு பலகாரம் வேண்டாம் என்று சத்துமாவுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். கருப்பட்டி வழக்கத்தைவிட அதிகமாகப் போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். சூடாக இருக்கிறது, பின்கட்டில் காற்றாட உட்கார்ந்து குடிக்கிறேன் என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் காலி டம்ளரோடு வந்தார். நன்றாகப் பசி எடுக்கிறது. நல்ல அறிகுறிதானே.

ஆக்சிஜன் 92. சளி வெள்ளை. காய்ச்சல் இல்லை. மருந்து, நீங்கள் எழுதியது.

நவம்பர் 20, புதன்

ஆக்சிஜன் 93. காலையில் குளியலறை வரை நிற்காமல் நடந்தார். மூச்சின் விசில் பாதியாகிவிட்டது. ஒரே நாளில் என்ன மாற்றம் பாருங்கள். ஸ்டீராய்டுதான் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். ஸ்டீராய்டாகத்தான் இருக்கவேண்டும். வேறு எதுவும் கொடுக்கவில்லையே.

இரவு கஞ்சி, ஒரு டம்ளர், முழுவதும். பின்கட்டில்.

சளி வெள்ளை என்று அவரே சொன்னார்.

நவம்பர் 21, வியாழன்

இன்றைய பிரச்சினை எறும்பு. பின்கட்டில் செம்பருத்திச் செடியின் அடியில் கறுப்பாக மொய்க்கிறது. நறுமுகை அதைத் திராட்சை என்று நினைத்துத் தவழ்ந்து போகிறாள். ஒரு நாளில் நான்கு முறை காலைப் பிடித்து இழுத்துவந்தேன். நாளை எறும்புப் பொடி வாங்கவேண்டும்.

அவளுடைய ரஸ்க் டப்பாவும் வேகமாகக் காலியாகிறது. திங்கட்கிழமை வாங்கியது, இன்று தூள்தான் மிச்சம். கடைவாய்ப் பல் வருகிறதோ என்னவோ.

அப்பா அற்புதமாக இருக்கிறார். இரண்டு வருடம் கழித்து இன்று கடைக்கு நடந்தே போய், கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இருமலுக்கு மாத்திரை கேட்டு வந்த ஒருவரிடம், டாக்டரைப் பார்த்து எண்ணைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். போத்திராஜ் அண்ணன் எனக்குப் போன் செய்தார். வழக்கமாக அதிர்ந்து பேசமாட்டார்.

"பாப்பா, அண்ணாச்சிக்கு நல்லாயிருச்சுல்லா. இனி வீட்டுலயே வச்சுக்கோ. வாரவனுக்கெல்லாம் பதினொண்ணாம் வாய்ப்பாடு நடத்துதாரு. நான் ஏவாரம் பாக்கணும்" என்றார். வைப்பதற்கு முன்னால், அந்த மூன்று போதுமா என்று கேட்டார். டயப்பர் பாக்கெட்டைச் சொல்கிறார்.

இன்னொரு அதிசயம். சளி துப்பும் எவர்சில்வர் கிண்ணத்தை இன்று காலையிலிருந்து அப்பாவே கழுவிக் கவிழ்த்துவிடுகிறார். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் குடித்த டம்ளரை எடுத்துவைக்காத மனிதர். அம்மாவிடம் போனில் சொன்னேன்.  அம்மா உடனே, "காய்ச்சல் இருக்கான்னு தொட்டுப் பாத்தியா" என்று கேட்டாள்.

காய்ச்சல் இல்லை. ஆக்சிஜன் 93. நிறம், அப்பா சொன்னபடி, வெள்ளை.

நவம்பர் 22, வெள்ளி

உங்கள் குரல் பதிவைக் கேட்டேன். நோட்டின் படங்களை எல்லாம் பார்த்தீர்கள், ஆன்டிபயாடிக் இல்லாமலே ஒருவர் இப்படித் தேறிவந்ததை நாளுக்கு நாள் யாரும் இவ்வளவு விவரமாக எழுதித் தந்ததில்லை, மாத்திரை எழுதாவிட்டால் முகம் வாடுகிற மற்ற குடும்பங்களுக்கு இதைக் காட்டலாமா என்று கேட்டீர்கள்.

அப்பா அதை ஏழு முறை போட்டுக் கேட்டார். எட்டாவது முறை ஸ்பீக்கரில்.

நான் பதில் அனுப்பவில்லை. பிள்ளை அழுதாள்.

ஆக்சிஜன் 92. கஞ்சி ஒரு டம்ளர். கஞ்சியில் இன்று கருப்பட்டி குறைவு. கஞ்சி வெறும் கஞ்சி.

நவம்பர் 23, சனி

எல்லாம் நன்று. சளி வெள்ளை. மருந்து எழுதியபடி. ஆக்சிஜன் 93.

நவம்பர் 24, ஞாயிறு

டாக்டர், நேற்று எழுதியதில் தேதி மட்டும்தான் உண்மை.

செவ்வாய்க்கிழமை கடையில் டயப்பரோடு மூன்று அசித்ரோமைசின் மாத்திரையும் வாங்கினேன். ஐந்நூறு மில்லிகிராம். வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்திருக்கிறார் என்று போத்திராஜ் அண்ணனிடம் பொய் சொன்னேன். செவ்வாய், புதன், வியாழன் மூன்று இரவும் இடிகல்லில் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுத்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் பதினொன்று பதினொன்று என்று பூரித்துப்போய் இருந்தார், சொன்னால் விழுங்கமாட்டார். உங்களிடம் சொல்லவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும். புதன்கிழமை அவர் நிற்காமல் நடந்தபோது, நான்தான் காப்பாற்றினேன் என்று சமையலறையில் தனியாக நின்று அழுதேன். அதை நோட்டில் ஸ்டீராய்டு என்று எழுதினேன்.

இதுவரை என் பங்கு. இனி அவர் பங்கு.

நேற்றுக் காலை கஞ்சி கொடுத்துவிட்டு எறும்புப் பொடியோடு பின்கட்டுக்குப் போனேன். அப்பா செம்பருத்திக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிறார். வலது கையில் டம்ளர், கஞ்சி செடிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இடது கையில் கழுவப்போகிற கிண்ணம். நான் முதலில் டம்ளரைப் பார்த்தேன். பிறகு கிண்ணத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது வெள்ளை இல்லை. கொத்தமல்லித் துவையல் நிறம்.

 நறுமுகை எறும்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவளைப் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, எவ்வளவு நாளாக என்று கேட்டேன். எதைக் கேட்கிறாய் என்றார். இரண்டையும்தான் என்றேன்.

கஞ்சி செவ்வாய்க்கிழமையிலிருந்தே செடிக்குத்தான். முதல் வாயிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வாய்தான் உள்ளே போனது, மிச்சமெல்லாம் மண்ணுக்கு. அதன்பிறகு வாயில் வைக்காமலே கொட்டியவருக்கு எந்த நாள் கஞ்சியில் மருந்து நின்றது என்று தெரியாததால் வெள்ளி, சனி இரண்டு நாளும் நல்ல கஞ்சியையும் கொட்டியிருக்கிறார். பசிக்குப் பேத்தியின் ரஸ்க்.

"கடையில நின்ன நாக்குடி இது. நீ கருப்பட்டி என்ன, கரும்பாலையவே கரைச்சு ஊத்துனாலும் அசித்ரோ கசப்பு மறையாது."

அன்றைக்கே திட்டியிருக்கலாமே என்றேன். அவர் செடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"டம்ளரக் குடுத்துட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்ன. உங்க அம்மைக்கு முத பிரசவத்துல நான் நின்ன மாதிரி. எப்படித் திட்ட."

ஆக, புதன்கிழமை அவர் தேறியது என் மாத்திரையால் இல்லை டாக்டர். மாத்திரையால் தேறியது யாராவது உண்டென்றால் அது செம்பருத்தி. இரண்டு மொட்டு விட்டிருக்கிறது.

பச்சைச் சளி வியாழக்கிழமை காலையிலிருந்து. அதற்குத்தான் கிண்ணத்தைத் தானே கழுவினார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டதற்கு, ஒரு மாணவன் சொல்லுகிற மாதிரிச் சொன்னார். நீங்கள் மறுபடி விரலில் குத்துவீர்கள், எண் ஏறியிருக்கும், பதினொன்று போய்விடும் என்று. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாராம். அதிலும் வெள்ளிக்கிழமை உங்கள் பாராட்டு வந்த பிறகு அவரால் வாயைத் திறக்கவே முடியவில்லை. பிறகு ஒரு பேரம் பேசினார்.

"நீ கஞ்சிய எழுதாத. நானும் சொல்லமாட்டேன். நீ கிண்ணத்த எழுதாத. திங்கக்கிழமைக்குள்ள நானே வெள்ளையாக்கிக் காட்டுதேன்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் ஒத்துக்கொண்டேன். நேற்றைய அந்த ஒரு வரி எங்கள் இருவரின் கூட்டுத் தயாரிப்பு. 93 என்பதுகூட அவர் சொல்லி நான் எழுதியது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் காட்டியது 91.

இன்று மதியம் வரை ஒப்பந்தம் நின்றது. சாப்பிட உட்கார்ந்தவர் ரசம் கேட்டார். "ரசம்" என்றார், நிறுத்தினார், "கொஞ்சம்" என்றார், நிறுத்தினார், "போடு" என்பதற்குக் கையை மட்டும் காட்டினார். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாவிட்டால், நிறம் மாறினால், காய்ச்சல் வந்தால், மூன்றில் எது நடந்தாலும் எண்ணை மறுபடி பார்க்கவேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும்போது நீங்கள் சொன்னது, அந்தக் கையைப் பார்த்ததும் வார்த்தை வார்த்தையாக ஞாபகத்துக்கு வந்தது.

எழுதப்போகிறேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதினொன்று என்பது ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு வந்த எண், அது உங்கள் பட்டம் இல்லை, அன்றைக்கு அன்றைக்குப் பார்ப்பது, உங்கள் கடையில் காலாவதித் தேதி பார்த்து எத்தனை அட்டையைக் கழித்துப்போட்டிருப்பீர்கள் என்று கேட்டேன். நான் பேசப்பேச எனக்கே புரிந்தது. அவர் அந்த எண்ணை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் அதை நம்பவே இல்லை. இரண்டு பேருமே அதை ஒரு எண்ணாகப் பார்க்கவில்லை.

வெகுநேரம் கழித்து, "அந்த டாக்டர் பிள்ள நோட்ட மத்தவங்களுக்குக் காட்டுதேன்னுச்சே" என்றார். ஆமாம் என்றேன். எவனோ ஒருவன் தன் அப்பாவின் பச்சைச் சளியைப் பார்த்துவிட்டு, சண்முகவேலுக்கு வெள்ளையாகவே இருந்ததே என்று இதைப் படித்துக் குழம்பப்போகிறான் என்றேன்.  அப்பா கிண்ணத்தைக் கழுவாமல் என் பக்கம் நகர்த்திவைத்தார்.

எனவே இந்த வாரத்துக்குத் திருத்தம். வியாழன் முதல் இன்றுவரை சளி பச்சை, கெட்டி, அளவும் கூடியிருக்கிறது. இன்று ஆக்சிஜன் காலை 91, இரவு 90. காய்ச்சல், சாயங்காலம் 99.8. நெஞ்சுவலி இல்லை, உதடு நீலம் இல்லை. நீங்கள் எழுதிய மருந்துகள் ஒழுங்காகப் போயிருக்கின்றன. ஸ்டீராய்டு செவ்வாயோடு முடிந்துவிட்டது. அசித்ரோமைசின், செவ்வாய் இரவு ஒரு வாய் கஞ்சியில் இருந்த அளவு, அவ்வளவுதான். இந்த நிமிடம் வரை வேறு எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்கச் சொல்லிக் கை துடிக்கிறது, ஆனாலும் கொடுக்கவில்லை. இந்தமுறை வேண்டியிருக்கலாம் என்று படித்த புத்தி சொல்கிறது. வேண்டுமா என்று அந்தப் பெட்டியும் நீங்களும் சொல்லட்டும்.

நோட்டை மற்றவர்களுக்குக் காட்டுவதானால் முழுவதையும் காட்டுங்கள். இந்தப் பக்கத்தையும் சேர்த்து. வேண்டாம் என்று கிழித்துப்போட்டாலும் வருத்தப்படமாட்டேன்.

அப்பா மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். துவையல் நிறம் என்பது சரிதான் என்றார். அரை மணிக்கு ஒருமுறை கிளிப்பை மாட்டிப் பார்க்கிறேன். 88க்குக் கீழே போனாலோ மூச்சு இதைவிட மோசமானாலோ உங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டுவிடுவேன், சொல்லிவைத்திருக்கிறேன். அப்படி ஆகாவிட்டால் காலை முதல் ஆளாக அவரை அழைத்துவருகிறேன், மறுபடி விரலில் குத்துவதற்கு. எத்தனை மணிக்கு வரட்டும், இல்லை இப்போதே கிளம்பவேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள். பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். பார்த்ததும் சீக்கிரம் பதில் போடுங்கள் டாக்டர்.

வேல்மதி